தெரியாதவனின் உரைநடை: டெரன்ஸ் ரீஸ்

1

சென்ற நூற்றாண்டின் ஆங்கில உரைநடைக்காரர்களில் எனக்கு முக்கியமாகப் படுகிற ஐந்தாறு பேரில் டெரன்ஸ் ரீஸ் ஒருவர். ஆங்கில இலக்கிய வரலாறுகளில் இவர் பெயரைத் தேடிப் பயனில்லை. பி.ஏ. வகுப்பில் எங்களுக்குப் பாடமாக இருந்த கட்டுரைத் தொகுப்புகளிலும் இவர் கிடையாது. ரீஸ் எழுதியது பெரும்பாலும் பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டத்தைப் பற்றி. தனியாகவும் பிறரோடு சேர்ந்தும் தொண்ணூறு புத்தகங்கள் வரை எழுதியிருக்கிறார். சீட்டாட்டக்காரன் ஒருவனைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவானேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கிரிக்கெட் பற்றி நெவில் கார்டஸ் எழுதியதை ரசித்துப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம் ஆங்கிலப் பேராசிரியர்கள்கூட சீட்டு என்றால் முகம் சுளிப்பார்கள்.

சுளிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ் மனசில் சீட்டு என்றால் சூது. குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பாரதத்தில் ஒரு ராஜ்யமும் ஒரு பெண்ணும் பகடையில் போகிறார்கள். நான் வேலை பார்க்கிற ஏரியூரில் மரத்தடியில் துண்டை விரித்து ஆடுகிற ரம்மியையும் மூணு சீட்டையும் ஊர் ஒரே கண்ணோடுதான் பார்க்கும். சில வருஷங்களுக்கு முன்னால் அந்தத் துண்டு கைபேசிக்குள் போயிற்று. ரம்மியில் திறமைதான் பிரதானம் என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேடயமாக வைத்துக்கொண்டு கம்பெனிகள் வியாபாரம் செய்தன. அதில் பணம் வைத்து ஆடிக் கடனாளியானவர்களின் கணக்கு விவரங்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நானே பார்த்திருக்கிறேன். 2022-ல் மாநில அரசும் 2025-ல் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தன. ஆகவே சீட்டைப் பற்றி மரியாதையாக ஒரு வார்த்தை சொல்வதற்கு ஏரியூர் உகந்த இடமில்லை என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

போட்டி பிரிட்ஜ் வேறு விஷயம். ஆடுகிறவர்கள் நால்வர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம் மாதிரி கேள்வி நடக்கும். ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் சீட்டு முழுவதையும் மேஜைமேல் திறந்து வைத்துவிடுவார். அதற்கு டம்மி என்று பெயர். மற்ற இருவர் கையில் இருபத்தாறு சீட்டுகள் மறைந்திருக்கும். அவை எங்கே எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். ஒருவன் கைக்கு வரக்கூடிய பதிமூன்று சீட்டுகளின் சேர்க்கைகள் 63,501 கோடிக்கு மேல். போட்டிகளில் இதே பங்கீட்டை இன்னொரு மேஜையில் வேறு நால்வர் ஆடுவார்கள். இதனால் 'நல்ல சீட்டு வந்தது' என்பதற்கு மதிப்பில்லாமல் போகிறது. அதே சீட்டை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான், நீ என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் பெயர் நீக்கிய கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொல்லி, 1929-ல் அதைப் புத்தகமாக்கினாரே, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்காகத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது வயது அறுபது. நான் தேடிப் படித்த தமிழ்ச் செய்திகளில் வயதைப் பற்றி இருந்தது. ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ரீஸின் 'ப்ளே பிரிட்ஜ் வித் ரீஸ்' எனக்குக் கிடைத்தது சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், வங்கித் தேர்வு வழிகாட்டிகளுக்கு நடுவே. அன்று எனக்கு பிரிட்ஜ் தெரியாது. ஏரியூரில் பிரிட்ஜ் ஆட நான்கு பேரும் கிடையாது. ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, தரையில் நான்கு கைகளாகப் பரப்பி வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். நான் கற்றுக்கொண்டது ஆட்டம் மட்டுமல்ல என்று பிறகு தெரிந்தது.

2

ஜான் டெரன்ஸ் ரீஸ் 1913-ல் இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை வங்கி உத்தியோகஸ்தர். அதை விட்டுவிட்டு மனைவி நடத்திய ஹோட்டல் தொழிலில் சேர்ந்துகொண்டவர். (இந்தத் தகவல் எனக்கு ஏன் மறக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.) ரீஸ் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்து உயர்ந்த வகுப்பில் தேறினார். லண்டன் ஹாரட்ஸ் கடையில் கொஞ்ச காலம் வேலை. பிறகு சீட்டாட்டமே ஜீவனம்.

1930-களில் லண்டன் ஆக்கல் ரோடில் இருந்த ஒரு சிறு கிளப்பில் சில இளைஞர்கள் கேள்வி கேட்பதற்குப் புதிய முறை ஒன்றை உருவாக்கினார்கள். தெருவின் பெயரே அந்த முறைக்கும் வந்தது. 'ஆக்கல்' முறையைப் பற்றி 1938-ல் பென் கோஹனோடு சேர்ந்து ரீஸ் எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயது. பிரிட்டன் அணியில் ஆடி ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை 1948, 1949, 1954, 1963 ஆகிய நான்கு ஆண்டுகளிலும், உலகப் பட்டமான பெர்முடா பௌலை 1955-லும் வென்றார். 1962-ல் முதன்முதலாக நடந்த உலக இணைப் போட்டியில் இரண்டாம் இடம். இங்கிலாந்தின் கோல்ட் கப் எட்டு தடவை. இந்த வெற்றிகளில் பெரும்பாலானவற்றில் எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளி போரிஸ் ஷாபிரோ. 1950-லிருந்து 'அப்ஸர்வர்' பத்திரிகையில் பத்தி எழுதினார்.

பட்டங்களின் பட்டியலால் ஓர் எழுத்தாளன் உருவாவதில்லை. இவரைவிட அதிகம் வென்ற இத்தாலியர்கள் இருந்தார்கள். ரீஸின் இடம் மூன்று புத்தகங்களில் இருக்கிறது: 1947-ல் 'ரீஸ் ஆன் ப்ளே', 1958-ல் 'தி எக்ஸ்பர்ட் கேம்', 1960-ல் 'ப்ளே பிரிட்ஜ் வித் ரீஸ்'. மற்றவற்றில் பல, வயிற்றுப்பாட்டுக்கு எழுதியவை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

3

ரீஸுக்கு முன்னால் பிரிட்ஜ் புத்தகங்கள் எப்படி இருந்தன? நான்கு கைகளையும் அச்சிட்டுவிடுவார்கள். எல்லாச் சீட்டும் வாசகன் கண்முன் இருக்கும். ஆசிரியர் மேலே நின்று, ராணி இடது பக்கம் இருப்பதால் இப்படி ஆடியிருக்க வேண்டும் என்பார். ராணி இடது பக்கம் இருப்பது ஆடுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் கவலை இல்லை.

1960 புத்தகத்தில் ரீஸ் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். வாசகனுக்கு ஒரே ஒரு கை காட்டப்படுகிறது, பிறகு டம்மி. எழுதுகிறவன் நிகழ்காலத்தில், தன்மை ஒருமையில், தன் கையைப் பார்த்தபடி யோசிக்கிறான். என்ன தெரியும், என்ன தெரியாது, எதை ஊகிக்கலாம், அந்த ஊகத்தின் பலம் எவ்வளவு என்று ஒவ்வொரு சீட்டு விழும்போதும் கணக்கு மாறிக்கொண்டே போகிறது. ஆட்டம் முடிந்தபின்தான் நான்கு கைகளும் திறக்கின்றன. அப்புறம் ஒரு பிரேதப் பரிசோதனை: தன் யோசனை எங்கே சரி, எங்கே வெறும் அதிர்ஷ்டம்.

அவர் செய்கிற காரியத்தின் மாதிரிக்கு, புத்தகத்தில் இல்லாத ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். சீட்டுப் போட்டவர் உங்கள் இடது பக்கத்து எதிரி. முதல் கேள்வி அவருடையது. அவர் 'பாஸ்' என்று விட்டுவிட்டார். ஆட்டத்தின் பாதியில் அவரிடமிருந்து இரண்டு ஏஸ்களும் ஒரு ராஜாவும் விழுந்துவிட்டன. ஆட்டின் ராணி எங்கே என்பது இப்போது பிரச்னை. இரண்டு ஏஸ், ஒரு ராஜாவோடு அந்த ராணியும் அவரிடம் இருந்திருந்தால் முதலில் சும்மா விட்டிருக்க மாட்டார், கேள்வி கேட்டிருப்பார். ஆகவே ராணி வலது பக்கம். அவர் சொன்ன எதிலிருந்தும் இது கிடைக்கவில்லை. சொல்லாமல் விட்டதிலிருந்து கிடைத்தது.

தரையில் சீட்டைப் பரப்பிக்கொண்டு இப்படிப் பத்து ஆட்டங்களைப் படித்தபோது ஒன்று உறைத்தது. நான் எழுதுகிற விமர்சனமும், தமிழில் நான் படிக்கிற பெரும்பாலான விமர்சனமும், நான்கு கையையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதுதான். பாரதி முப்பத்தொன்பது வயது நிரம்புமுன் இறந்துவிட்டான் என்பது நமக்குத் தெரியும். அது தெரிந்த விமர்சகன் 1908-ல் எழுதிய பாட்டிலும் மரணத்தின் நிழலைக் கண்டுபிடிக்கிறான். 1908-ல் பாரதிக்கு அந்தச் சீட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஒரு கவிதையின் கடைசி வரியைப் படித்து முடித்தவன், முதல் வரியிலேயே அந்தக் கடைசி வரி தனக்குப் புலப்பட்டதாக எழுதுகிறான். நாவலாசிரியன் மூன்றாம் அத்தியாயத்தில் தவித்தது அவன் கண்ணில் படுவதில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஜெயித்தது மட்டும் படுகிறது. சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' தொடங்கி அலசல் விமர்சனத்துக்கு வற்புறுத்தியபோது, வரிக்கு வரி நின்று போகிற பொறுமையைத்தான் கேட்டார். க.நா.சு.வின் பட்டியல்களுக்கு அன்று தேவை இருந்தது. ஆனால் பட்டியல் என்பது ஆட்டம் முடிந்தபின் எழுதும் மதிப்பெண் சீட்டு. எந்தப் பிடி எப்படி விழுந்தது என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

தெரியாமையை மறைக்காமல் எழுதுவது பணிவிலிருந்து வருவது என்று நினைத்துவிடக் கூடாது. ரீஸிடம் பணிவு மருந்துக்கும் கிடையாது. அவருடைய வாக்கியங்கள் குட்டையானவை, ஈரமற்றவை. கூட்டாளியின் முட்டாள்தனத்தை ஒரு பெயரடைகூடச் செலவழிக்காமல் தெரியப்படுத்திவிடுவார். அவர் ஆடிக்கொண்டிருந்தபோது நண்பர்கள் மேஜைக்கடியில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டார்களாம், அவர் கவனிக்கவே இல்லையாம். கதையாக இருக்கலாம், ஆனால் எழுத்தோடு ஒத்துப்போகிற கதை.

இங்கேதான் அவருடைய குறையும் இருக்கிறது. அவருடைய நண்பர் எஸ்.ஜே. சைமன் 1945-ல் 'வொய் யூ லூஸ் அட் பிரிட்ஜ்' எழுதினார். சைமன், காரில் பிராம்ஸுடன் சேர்ந்து ஹாஸ்ய நாவல்கள் எழுதியவர். அவருடைய பிரிட்ஜ் புத்தகத்தில் மனிதர்கள் வருகிறார்கள்: எப்போதும் துரதிருஷ்டத்தைப் பழிக்கிற நிபுணர், தனக்கு ஆட வராது என்பது தெரிந்தும் ஆட வருகிற அம்மாள், தன்னிடம் கோளாறே இல்லை என்று நம்புகிற ஆசாமி. தோற்பவன் ஏன் தோற்கிறான் என்பதில் சைமனுக்கு அக்கறை. ஆகவே தோற்பவன்மேல் கொஞ்சம் பிரியமும் இருந்தது. ரீஸின் மேஜையில் மனிதர்கள் இல்லை. பதிமூன்று பதிமூன்று சீட்டுகளாக மூன்று கைகள் மட்டும் இருக்கின்றன. சைமன் 1948-ல் இறந்துபோனார். ரீஸின் எழுத்தில் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

4

1965 மே மாதம் போனஸ் அயர்ஸில் பெர்முடா பௌல் நடந்தது. ரீஸும் ஷாபிரோவும் விரல்களால் சைகை செய்துகொள்கிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. முதலில் சந்தேகப்பட்டவர் அமெரிக்க ஆட்டக்காரர் பி. ஜே பெக்கர். அவரும் டோரதி ஹேடனும் ஆலன் டிரஸ்காட்டும் கவனித்தார்கள், குறித்து வைத்தார்கள். சீட்டுகளைப் பிடித்திருக்கும் கையில் வெளியே தெரிகிற விரல்களின் எண்ணிக்கை, அந்தக் கையிலிருக்கும் ஆட்டின் சீட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டுகிறது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. பிரிட்டன் அணியின் தலைவர் ரால்ஃப் ஸ்விமர், ஷாபிரோ தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். ஷாபிரோ அதை மறுத்தார். ஸ்விமர் அணியின் ஆட்டங்களை விட்டுக்கொடுத்துவிட்டார். உலக பிரிட்ஜ் சம்மேளனம் இருவரையும் குற்றவாளிகள் என்றது.

இங்கிலாந்தில் சர் ஜான் ஃபாஸ்டர் தலைமையில் தனி விசாரணை நடந்து, 1966-ல் முடிவு வந்தது: குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. விரல்களைப் பார்த்தவர்களின் சாட்சியம் பலமானது. ஆனால் ஆடிய ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தபோது, கூட்டாளியின் ஆட்டின் கணக்குத் தெரிந்தவர்கள் ஆடிய ஆட்டமாக அவை இல்லை. சைகை இருந்தது போலிருக்கிறது. சைகையால் கிடைத்த லாபம் காணோம். சர்வதேச சம்மேளனம் இந்த முடிவை ஏற்கவில்லை. சில ஆண்டுகள் தடை இருந்தது. ரீஸின் உலகப் போட்டி வாழ்க்கை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

அதே 1966-ல் ரீஸ் 'ஸ்டோரி ஆஃப் அன் அக்யூசேஷன்' எழுதினார். டிரஸ்காட் 1969-ல் 'தி கிரேட் பிரிட்ஜ் ஸ்காண்டல்' எழுதிப் பதில் சொன்னார். ரீஸ் 1996-லும் ஷாபிரோ 2002-லும் இறந்தார்கள். 2005-ல் டேவிட் ரெக்ஸ்-டெய்லர் என்ற பிரிட்ஜ் பதிப்பாளர் ஒரு விஷயம் சொன்னார்: இருவரும் சைகை செய்தது உண்மை, ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று காட்டும் ஒரு புத்தகத்துக்கான சோதனை அது, இருவரும் இறந்தபின் வெளியிடும்படி ரீஸே தன்னிடம் பல ஆண்டுகளுக்கு முன்பு சொன்னார். மறுத்துச் சொல்ல இருவரில் ஒருவரும் அப்போது இல்லை.

ஆட்டம் இந்தச் சம்பவத்தை மறக்கவில்லை. 1975-லிருந்து உலகப் போட்டிகளில் கூட்டாளிகளுக்கு நடுவே திரை போட்டார்கள். அந்த வருஷமே இரண்டு இத்தாலியர்கள்மேல் மேஜைக்கடியில் காலால் பேசிக்கொண்டதாகப் புகார் வந்தது. 2015-ல் பல பெரிய இணைகள் சிக்கியதற்கு வீடியோ பதிவுகள் உதவின. 1965-ல் வீடியோ கிடையாது. பார்த்தவர்களின் குறிப்புகளும் சாட்சியமும்தான் பிரதானம்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால், இங்கே நாகமரைப் பரிசல்துறைக்கு எதிர்க்கரையில் பண்ணவாடியில், முழுகிக் கிடக்கும் நந்தியும் மாதாகோயில் கோபுரமும் வெளியே தெரியும். 1965 விஷயத்தில் அறுபது வருஷமாகியும் அப்படித் தண்ணீர் இறங்கவில்லை.

5

எனக்கு இது வம்புச் செய்தியாகப் படவில்லை. நான் யாருடைய உரைநடையை நேர்மையின் மாதிரியாக வைத்திருந்தேனோ அவர்மேல் இந்தப் புகார். எழுத்து நல்லது, ஆள் எப்படியிருந்தால் என்ன என்கிறது ஒரு கட்சி. ஆள் இப்படி, ஆகவே எழுத்தும் போலி என்கிறது இன்னொரு கட்சி. தமிழ்ச் சிறுபத்திரிகைகள் இந்த இரண்டு கட்சியாகவும் மாறி மாறி நின்றிருக்கின்றன, சமயத்தில் ஒரே ஆளைப் பற்றியே. ரீஸ் விஷயத்தில் இரண்டும் உதவவில்லை. அவர் எழுதியதே, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லும் நேர்மையைப் பற்றித்தான்.

'ஸ்டோரி ஆஃப் அன் அக்யூசேஷன்' படித்தபோது எனக்கு ஏற்பட்ட சங்கடம் இது. மற்ற எல்லாப் புத்தகங்களிலும் ரீஸ் தெரியாதவர். ராணி எங்கே என்று அவருக்குத் தெரியாது; அதனால் ஊகிக்கிறார்; அந்த ஊகத்தின் அழகே அந்த எழுத்து. இந்த ஒரு புத்தகத்தில் மட்டும் அவருக்குத் தெரியும். அவரும் ஷாபிரோவும் தவிர யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதே குரலில்தான் எழுதுகிறார். சாட்சியங்களை எடைபோடுகிறார், முரண்களைக் காட்டுகிறார், இந்த ஆட்டத்தில் இப்படி ஆடியிருப்பேனா என்று கேட்கிறார். தன் விரல்களைப் பற்றி எழுதும்போது இன்னொருவருடைய விரல்களைப் பற்றி எழுதுகிற மாதிரி இருக்கிறது. தெரியாதவனின் உரைநடையைத் தெரிந்தவன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறான். முதல் தடவை படித்து முடித்தவுடன், இந்த ஆள் செய்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றியது தவறு என்று சொல்லிக் கொடுத்ததும் ரீஸ்தான். 'தி எக்ஸ்பர்ட் கேம்' புத்தகத்தில் ஒரு தத்துவம் வருகிறது. குறுகிய தேர்வின் தத்துவம் என்று சொல்லலாம். உங்களுக்கும் டம்மிக்கும் சேர்த்து ஆட்டினில் ஒன்பது சீட்டுகள். எதிரிகளிடம் நான்கு: ராணி, ஜாக்கி, இரண்டு சிறு சீட்டுகள். ஏஸை இறக்குகிறீர்கள். இடது பக்கத்திலிருந்து ஒரு சிறு சீட்டு, வலது பக்கத்திலிருந்து ராணி. ஜாக்கியும் அதே வலது கையில்தான் இருக்குமா? இரண்டும் அவரிடம் இருந்திருந்தால் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். பாதித் தடவை ஜாக்கியைப் போட்டிருப்பார். ராணி மட்டும் இருந்திருந்தால் அவருக்கு வேறு வழியே இல்லை. ஆகவே வேறு வழியில்லாமல் விழுந்த ராணியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. ஒரு செயல் எதைச் சொல்கிறது என்பது, அந்த இடத்தில் அவன் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. இதை முதலில் எழுதியவர் டிரஸ்காட். அதற்குப் பெயர் கொடுத்து விரித்தவர் ரீஸ். பின்னால் குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் இவர்களே.

இதை வைத்து அந்தப் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். குற்றமற்றவன் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நான் செய்யவில்லை. குற்றவாளியும் அதையேதான் சொல்வான். இருவருக்கும் வேறு வழி இல்லாத இடத்தில் விழுகிற சீட்டு எதையும் காட்டிக்கொடுக்காது. மறுப்புக்கு எடை இல்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அந்தக் குளிர்ந்த குரல்? அதுவும் அப்படித்தான். முப்பது வருஷமாக ஒரே நடையில் எழுதியவனிடம் உணர்ச்சி வெடிக்கிற வேறொரு நடை இருந்து, அதை எடுக்காமல் விட்டிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. ரீஸிடம் இருந்தது ஒரே நடை. இருந்த ஒரே சீட்டைப் போட்டார். நான் அதில் குற்றத்தைப் படித்தேன்.

6

இதைப் படித்த காலத்தில் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறோர் ஊரில் இருந்தேன். ஒரு நாள் கணக்கு முடிக்கும்போது ரொக்கம் 20,000 ரூபாய் குறைந்தது. காசாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர். எல்லாரும் இரவு ஒன்பது மணி வரைக்கும் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து எண்ணினோம். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மத்தியானம் அவர் கவுண்டரை விட்டு எழுந்து போனாரா, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். "ரெண்டு தடவை வெளியே போனார் ஸார்" என்றேன். பார்த்ததைத்தான் சொன்னேன். நானும் அன்று ஒரு தடவை வெளியே போயிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காசாளர் பணத்தைக் கட்டினார். காசாளர் பொறுப்பு அது. கட்டியதற்கு வேறு அர்த்தம் இல்லை. ஆனால் கிளையில் எல்லாரும் அதற்கு அர்த்தம் கொடுத்தோம். மூன்று மாதத்தில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த 20,000 ரூபாய் எங்கே போயிற்று என்று இன்று வரை தெரியாது. அவர் எடுத்தார் என்றும் சொல்ல மாட்டேன், எடுக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். நான் சொன்ன இரண்டு தடவை என்பது உண்மை. ஒரே ஒருவருடைய போக்குவரத்தை மட்டும் எண்ணிச் சொன்ன உண்மை. மற்றவர்கள் எத்தனை தடவை எழுந்தார்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லாத வரைக்கும் அது சாட்சியமே ஆகாது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. ரீஸ் படித்தபிறகு தெரிந்தது. தெரிந்து அவருக்குப் பயனில்லை.

ரீஸ் சைகை செய்தாரா? எனக்குத் தெரியாது. விரல் கணக்கு பொருந்தியதை ஒதுக்கிவிட முடியாது. ஆட்டத்தில் அதன் பலன் காணப்படாததையும் ஒதுக்கிவிட முடியாது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. மிகவும் அசௌகரியமான நிலை. தமிழில் நாம் இந்த நிலையில் அதிக நேரம் நிற்பதில்லை; சீக்கிரம் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடுகிறோம். செய்தார் என்று நாளைக்கு ஐயமற நிரூபணமானால், 1960 புத்தகத்தின் யோசனைகளில் ஒன்றும் தப்பாகிவிடாது. ஆனால் அந்த யோசனையை நான் படிக்கிறபோது ஏற்படுகிற நம்பிக்கை உடையும். அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். எழுத்தை ஆளிடமிருந்து சுத்தமாகக் கத்தரித்து எடுத்துவிடலாம் என்கிற கட்சிக்கு இதை மட்டும் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்: கத்தரி அவ்வளவு சுத்தமாக வெட்டுவதில்லை. எதிர்க்கட்சிக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. அந்த ஆளை நிதானமாகத் தீர்ப்பிட என்னிடம் இருக்கும் ஒரே கருவி, அந்த ஆள் எழுதியதுதான்.

ரீஸைப் படிக்க விரும்புகிறவர்கள் 'ப்ளே பிரிட்ஜ் வித் ரீஸ்' புத்தகத்தில் தொடங்கலாம். பிரிட்ஜ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு வாரத்தில் விதிகள் பிடிபட்டுவிடும். ஒரு சீட்டுக்கட்டு வேண்டும். நான்கு கைகளையும் பரப்பி, இரண்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கவிழ்த்ததைப் புரட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதைப் புரட்டாமல் இருப்பதுதான் அந்தப் புத்தகத்தில் கற்றுக்கொள்ள இருப்பது.